ஒரு பங்கின் பங்கு

'பங்கு' என்று சொன்னவுடன் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது?

ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள். "எந்தக் கம்பெனி சார்? வாங்கலாமா, வித்துடலாமா?" என்பார். அண்ணன் தம்பிகளோடு பாகப்பிரிவினை கேஸ் நடத்திக்கொண்டிருப்பவர் என்றால் பெருமூச்சு விடுவார். ரூமில் பஜ்ஜி பொட்டலம் பிரித்த நேரத்தில் கேட்டால், "என் பங்கு எங்கடா?" என்று அடிதடியே நடக்கும்.

நாகர்கோவில், தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்க நண்பர் யாராவது இருந்தால் அவரைக் கேளுங்கள். அவருக்கு ஞாபகம் வருவது கோயில் மணி. அங்கே பங்கு என்றால் ஒரு கோயில், அதைச் சுற்றிக் குடியிருக்கும் ஜனங்கள், அவர்களைக் கட்டி மேய்க்க ஒரு பங்குச் சாமியார்... எல்லாம் சேர்ந்தது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தால் ஒரு ரெஜிஸ்தரில் பெயர் ஏறும். கல்யாணமானால் இன்னொரு ரெஜிஸ்தர். கண்ணை மூடினால் மூன்றாவது. மனுஷனுடைய மொத்த வாழ்க்கையும் மூன்று நோட்டுக்குள் அடக்கம். கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். வலைச் சண்டையோ வரப்புச் சண்டையோ, பஞ்சாயத்து கோயில் முற்றத்தில்தான். பிடித்த மீனில் ஒரு பங்கு, பங்குக்கு!

நான் சொல்லப் போவது அப்படிப்பட்ட ஒரு சின்னப் பங்கின் கதை. எந்த ஷேர் மார்க்கெட்டிலும் விலை போகாத பங்கு. ஆனால் தேசமே அறுபது வருஷத்துக்கு மேலாக அதிலிருந்து டிவிடெண்ட் வாங்கிக்கொண்டிருக்கிறது.

திருவனந்தபுரத்தை ஒட்டி அரபிக்கடல் ஓரத்தில் தும்பா. தென்னை, மணல், கட்டுமரம், கருவாடு காயும் வாசனை. அங்கே கடலைப் பார்த்து ஒரு கோயில், மகதலா மரியாள் பெயரில். அதைச் சுற்றி மீனவர்களின் வீடுகள். அந்த இடத்துக்குப் பள்ளித்துறை என்று பெயர். மலையாளத்தில் பள்ளி என்றால் கோயில், தமிழில் பள்ளிக்கூடம். இந்தக் கதைக்கு இரண்டு அர்த்தமும் பொருந்தும், பாருங்கள்.

இந்தக் கடற்கரைக்குக் கிறிஸ்தவம் நேற்று வந்ததல்ல. 1544-ஆம் வருஷக் கடைசியில் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர் கடலோரமாகவே ஊர் ஊராகப் போனார். ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே கடிதம் எழுதியிருக்கிறார். (கை என்ன வலி வலித்திருக்கும்!) அதற்குப் பிறகு நானூறு வருஷம் இந்தக் கரையில் பெரிய சத்தம் எதுவும் இல்லை. காலையில் கடல், சாயங்காலம் ஏலம், ஞாயிற்றுக்கிழமை பூசை.

ஊரின் தலையெழுத்தை மாற்றியது, கண்ணுக்கே தெரியாத ஒரு கோடு.

நாம் பள்ளிக்கூடத்தில் படித்த நிலநடுக்கோடு இந்தியாவைத் தொடுவதில்லை. தெற்கே கடலோடு போய்விடுகிறது. ஆனால் பூமி ஒரு பெரிய காந்தம் அல்லவா? அந்தக் காந்தத்துக்கென்று தனியாக ஒரு நடுக்கோடு உண்டு. அது 1960-களில் தும்பாவை ஒட்டிப் போனது. அந்தக் கோட்டுக்கு மேலே, ஏறக்குறைய 100 முதல் 110 கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளையில் மின்சாரம் ஆறு மாதிரி ஓடுகிறது. 'எலெக்ட்ரோஜெட்' என்கிறார்கள். அதை ஆராய வேண்டும் என்றால் பலூன் அத்தனை உயரம் ஏறாது. செயற்கைக்கோளோ அத்தனை தாழ்வாகச் சுற்ற முடியாது, காற்று இழுத்துக் கீழே தள்ளிவிடும். மாடிப்படியில் பாதி வழியில் மாட்டிக்கொண்ட பீரோ மாதிரி ஓர் உயரம். அங்கே போய் எட்டிப் பார்த்துவிட்டு வர, சின்ன ராக்கெட் ஒன்றுதான் வழி.

1962-இல் விக்ரம் சாராபாய் தலைமையில் இந்தியாவின் விண்வெளி ஆராய்ச்சிக்கு ஒரு தேசியக் கமிட்டி அமைந்தது. அகமதாபாத்திலிருந்து சிட்னிஸ் என்ற விஞ்ஞானி கேரளக் கடற்கரையை அலசிப் பார்த்து, தும்பாதான் சரியான இடம் என்றார். ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே இரண்டரை கிலோமீட்டர் நீளத்துக்கு, சுமார் 600 ஏக்கர். காந்தக் கோடு சரி. ராக்கெட் விழ மேற்கே பரந்த கடல், அதுவும் சரி. ஒரே ஒரு சிக்கல். அந்த இடத்தில் மனுஷர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் கோயிலும்.

இதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்துல் கலாம் புத்தகத்தில் எழுதி, மேடை மேடையாகச் சொல்லிய கதை. சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேராவைப் பார்க்கப் போகிறார். உங்கள் கோயிலும், நீங்கள் இருக்கிற வீடும், உங்கள் ஜனங்களின் வீடுகளும் வேண்டும் என்கிறார். (வீட்டு ஓனரிடம் போய் 'கொஞ்சம் காலி பண்றீங்களா, நான் குடிவரணும்' என்று கேட்பதற்குச் சமம்!) ஆயர் அன்று பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வாருங்கள் என்கிறார். அன்று பூசையில், விஞ்ஞானியின் வேலையும் சாமியாரின் வேலையும் மனுஷருடைய நன்மைக்குத்தானே என்று விளக்கிவிட்டு, கொடுத்துவிடலாமா என்று ஜனங்களையே கேட்கிறார். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு கோயில் முழுக்க, 'ஆமென்'.

கேட்கும்போது மயிர்க்கூச்செறிகிறது, சந்தேகமில்லை. மதமும் விஞ்ஞானமும் கை குலுக்கிய தருணம். கைதட்டல். மேடையில் இருப்பவர் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார்.

எனக்கு அங்கேதான் ஒரு சின்ன நெருடல். ஞாயிற்றுக்கிழமை சரி சார். திங்கட்கிழமை என்ன ஆச்சு?

நான் காமர்ஸ் படித்தவன். எங்களுக்கு முதல் வருஷமே தலையில் குட்டிக் குட்டிச் சொல்லித்தருவார்கள்: பெறுபவர் கணக்கில் பற்று வை, தருபவர் கணக்கில் வரவு வை. எந்த வரவுக்கும் எதிரே ஒரு பற்று இருந்தே தீர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் ஐந்தொகை டேலி ஆகாது. வாத்தியார் நோட்டைத் தூக்கி வெளியே எறிவார்.

தும்பாக் கதையில் பெறுபவர் பக்கம் பிரமாதமாக எழுதப்பட்டிருக்கிறது. அதை நானும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், ஆசைதான்.

அந்தக் கோயில்தான் இந்தியாவின் முதல் ராக்கெட் ஆபீஸ். ஜெபக்கூடம் கலாமுக்கு முதல் லேபரட்டரி. ஆயரின் அறை டிசைன் வரையும் இடம். வேலை பார்த்தவர்கள் எல்லாம் இருபது, முப்பது வயதுப் பையன்கள். பெரும்பாலும் பேச்சிலர்கள். ராமேஸ்வரத்துக் கலாம் தங்கியது திருவனந்தபுரத்தில் இந்திரா பவன் லாட்ஜில். அவரோடு ஆர். அரவமுதன். இரண்டு பேருமே நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தவர்கள். ரயில்வே ஸ்டேஷன் கேன்டீனில் சாப்பாட்டைப் பார்சல் வாங்கிக்கொண்டு தும்பாவுக்கு பஸ் பிடிப்பார்கள். மேன்ஷன், மெஸ், பஸ் என்று ஓடுகிற எந்தப் பையனும் இதைப் படித்துவிட்டு ஒரு நிமிஷம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!

1963 நவம்பர் 21. அமெரிக்கா கொடுத்த நைக்-அப்பாச்சி ராக்கெட். தலையில் பிரான்ஸ் கொடுத்த சோடியம் ஆவிக் கருவி. கோயில் கட்டடத்தில்தான் பாகங்களைப் பூட்டினார்கள். ஏவுதளத்துக்குக் கொண்டுபோய்த் தூக்கி நிறுத்தும்போது கிரேனின் ஹைட்ராலிக்கில் எண்ணெய் ஒழுக ஆரம்பித்துவிட்டது. மெக்கானிக்கைத் தேட நேரமில்லை. ஆளாளுக்கு ஒரு கை கொடுத்து, ஏலேலோ போட்டுத் தூக்கி வைத்தார்கள். மாலை 6.25-க்குக் கிளம்பியது. தரையில் இருட்டிவிட்டது. அத்தனை உயரத்திலோ இன்னும் வெயில். அந்த வெயில் பட்டு சோடியம் ஆவி ஆரஞ்சு நிற மேகமாக வானத்தில் கோலம் போட்டது.

மறுநாளே அமெரிக்காவில் ஜனாதிபதி கென்னடியைச் சுட்டுவிட்டார்கள். உலகத்துப் பேப்பர் முழுக்க அந்தச் செய்தி. தும்பா ராக்கெட் உள்பக்கத்துக்கு ஒதுங்கியிருக்கும்.

ஆனாலும் வேலை நிற்கவில்லை. ரஷ்யா ஹெலிகாப்டரும் மின்ஸ்க் கம்ப்யூட்டரும் கொடுத்தது. வெளியே அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த காலத்தில், இரண்டு பேருடைய சாமானும் இந்த மணலில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. 1966-இல் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியர் பிரெஸ்ஸான் வந்து ஒரு படம் எடுத்தார். ராக்கெட்டின் மூக்கை சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற படம். இன்றைக்கும் வாட்ஸப்பில் மாதத்துக்கு ஒருமுறையாவது அது எனக்கு வருகிறது. 1967 நவம்பர் 20-இல் நாமே செய்த ரோகிணி-75 பறந்தது. குறுக்களவு 75 மில்லிமீட்டர், அதாவது மூன்று அங்குலம். 1968 பிப்ரவரி 2-இல் இந்திரா காந்தி வந்து தும்பா ஏவுதளத்தை ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தார். 1971 டிசம்பர் 30-இல் சாராபாய் காலமானது பக்கத்திலேயே, கோவளத்தில். அடுத்த வருஷம் அவர் பெயரையே தும்பாவில் இருந்த விண்வெளி மையத்துக்கு வைத்தார்கள். 1980 ஜூலை 18-இல் எஸ்.எல்.வி.-3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ரோகிணி செயற்கைக்கோளைத் தூக்கிக்கொண்டு போனது. அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

பெறுபவர் பக்கம் முடிந்தது. தருபவர் பக்கத்தைத் திருப்புவோம்.

அது பெரும்பாலும் காலி!

ஆபீஸ் வேலை பார்க்கிற நமக்கு வீடு மாற்றுவது என்றால் ஒரு டெம்போ, நாலு அட்டைப்பெட்டி, கேஸ் கனெக்ஷன் டிரான்ஸ்ஃபர். இரண்டு நாள் லீவ் போட்டால் தீர்ந்தது. பிழைப்பு வேறு இடத்தில், வீடு வேறு இடத்தில் இருப்பதால் வந்த சௌகரியம் இது. மீனவனுக்கு வீட்டு வாசலில்தான் ஆபீஸ். கட்டுமரத்தை எந்த இடத்தில் இறக்கினால் அலை கவிழ்க்காது, எந்த மாதத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதெல்லாம் அந்தந்தத் துறையோடு ஒட்டிய படிப்பு. அப்பன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது.

இன்னொன்று. நடுக்கடலில் தெருப் பெயர்ப் பலகை கிடையாது. மீன் படுகிற இடத்துக்கு மறுபடி போய்ச் சேர, கரையில் தெரிகிற இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். கோயில் கோபுரத்துக்குப் பின்னால் அந்த மலை உச்சி வந்தால் ஒரு கோடு. இந்தப் பக்கம் ஒரு மரமும் இன்னொரு கோபுரமும் சேர்ந்தால் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் வலையைப் போடு. ஜியோமெட்ரி பாக்ஸ் இல்லாத ஜியோமெட்ரி. ஆகவே கரையில் நிற்கிற கோயில் அவர்களுக்குச் சாமி கும்பிட மட்டும் இல்லை. விண்வெளிக்காரர்கள் வருவதற்கு முன்பே அது திசை காட்டும் கருவிதான்.

கோயில் இருந்த இடத்திலேயே நின்றது. நகர்ந்தது பங்கு. ஜனங்கள் சட்டி பானை, வலை, துடுப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் குடியேறினார்கள். போன இடத்துக்கும் பள்ளித்துறை என்றே பெயர். அங்கே கட்டிய புதுக் கோயிலுக்கும் மகதலா மரியாள் பெயரே. சுவரையும் கூரையையும் விட்டுவிட்டுப் பெயரை மட்டும் இடுப்பில் முடிந்துகொண்டு போயிருக்கிறார்கள்.

பழைய கோயில் இப்போது விண்வெளி மியூசியம். கட்டடத்தை அழகாக, மரியாதையாக வைத்திருக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. பூசை நடந்த இடத்தில் ராக்கெட் மாடல்கள், செயற்கைக்கோள் மாடல்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து வாய் பிளந்து பார்க்கிறார்கள். பள்ளி, பள்ளிக்கூடம் ஆன கதை இதுதான்.

சென்ற முறை திருவனந்தபுரம் போனபோது நானும் போய்ப் பார்த்தேன். கூட்டிப்போன ஆட்டோக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். பள்ளித்துறைக்காரர். தமிழ் நன்றாகவே பேசினார்.

"உள்ள போய்ப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"ஸ்கூல்ல படிக்கும்போது கூட்டிட்டுப் போனாங்க சாரே. ஆனா எங்க அம்மச்சிக்கு அதுக்குள்ளதான் கல்யாணம் நடந்துச்சு."

"அவங்க மறுபடி போய்ப் பாத்தாங்களா?"

"ஒரு தடவை. வயசான காலத்துல ஆசைப்பட்டாங்க. கேட்ல ஐ.டி. கார்டு கேட்டாங்க. 'எங்க பள்ளிக்குள்ள போறதுக்கு எனக்கு எதுக்குடா கார்டு'ன்னு அம்மச்சிக்கு ஒரே சிரிப்பு."

"கோபப்படலையா?"

"எதுக்கு சாரே கோபம்? சிரிச்சாங்க. உள்ள போய், பலிபீடம் இருந்த இடத்தைப் பாத்து முட்டி போட்டாங்க. முன்னாடி ராக்கெட் பொம்மை இருந்துச்சு. அதுபாட்டுக்கு அது இருந்துச்சு, இவங்கபாட்டுக்கு இவங்க ஜெபம் பண்ணினாங்க."

காவல் இருப்பவர்கள் கார்டு கேட்டது நியாயம். ராக்கெட் இருக்கிற இடத்தில் கேட்காமல் விடக் கூடாது. ஆனாலும் அந்தப் பாட்டியின் சிரிப்பு ரொம்ப நாள் என் காதிலேயே இருந்தது. அவர் பெயர் அந்தக் கோயிலின் கல்யாண ரெஜிஸ்தரில் என்றைக்கோ ஏறிவிட்டது. அதைவிடப் பெரிய ஐ.டி. கார்டு எது?

இதைப் படித்துவிட்டு, "ஏன் சார், தேசத்துக்கு ராக்கெட் வேண்டாம்கிறீங்களா?" என்று யாராவது கிளம்பி வரலாம். ஐயா, வேண்டும். நூறு தடவை வேண்டும். இன்றைக்குக் கடலுக்குப் போகும் மீனவருக்குப் புயல் எச்சரிக்கை கொடுப்பதில் நம் செயற்கைக்கோள்களுக்கும் பங்கு உண்டு. பள்ளித்துறை கொடுத்தது சுற்றிக்கொண்டு பள்ளித்துறைக்கே வந்து சேர்கிறது. அதனால் கொடுத்தது வீண் என்று நான் சொல்லவில்லை. கொடுத்தார்கள் என்று எழுதி வைக்க வேண்டும் என்கிறேன்.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். கோயிலில், ஆயர் நின்று கேட்கும்போது, பக்கத்தில் சம்பந்தி, பின்னால் பங்காளி, எல்லோரும் இருக்கிற இடத்தில் 'மாட்டேன்' என்று தனியாகக் குரல் கொடுக்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? ஆபீஸ் மீட்டிங்கில் மேனேஜர் "எல்லோருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்கும்போது நாம் என்ன சொல்கிறோம்? அந்த 'ஆமென்'களில் ஒன்றிரண்டு தொண்டையில் சிக்கிக்கொண்டு வந்திருக்கும். சோகம்தான், ஆனால் இயற்கை.

இருந்தாலும், கேட்டார்கள். அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதற்குக் காரணம் என் தாத்தா.

தாத்தாவுக்கு ஊரில் நாற்பது சென்ட் நிலம் இருந்தது. கிணறும் இரண்டு மாமரமும். ரோடு அகலப்படுத்த அது தேவைப்பட்டது. ஒருநாள் அவர் சந்தைக்குப் போயிருந்தபோது யாரோ வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். பணம் வந்தது, மோசம் என்று சொல்ல முடியாது. ரோடும் வந்தது. அதில் பஸ் விட்டார்கள். அந்த பஸ்ஸில்தான் நான் காலேஜுக்குப் போய் டெபிட், கிரெடிட் படித்தேன். ஆக, பெற்றவர் லிஸ்டில் நானும் உண்டு. ஆனால் தாத்தா கடைசி வரைக்கும் அந்த ரோட்டில் நடக்கும்போதெல்லாம் ஒரு இடத்தில் நின்று, "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்பார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்களா என்றால், "கொடுக்காம என்ன, ஊருக்குத்தானே" என்பார். அவருக்குப் போன நிலத்தைவிட, தன் கையால் கொடுக்க விடாமல் போனதுதான் வலித்தது.

எடுத்துக்கொள்வதும் கொடுப்பதும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன. நிலம் கை மாறுகிறது. ஆனால் ஒன்றில் மனுஷன் தோற்றவன், இன்னொன்றில் தந்தவன்.

1962-இல் பொதுக் காரியத்துக்காக நிலத்தை எடுத்துக்கொள்ள அரசாங்கத்தின் கையில் சட்டம் இருந்தது. கலெக்டரும் இருந்தார். கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 2013-இல் வந்த புதிய நிலச் சட்டம் தனியார் கம்பெனிக்கு என்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதம், அரசும் தனியாரும் சேர்ந்து செய்யும் திட்டம் என்றால் 70 சதவீதம் சம்மதிக்க வேண்டும் என்கிறது. அரசாங்கம் தன் சொந்தத் திட்டத்துக்கு எடுத்தால் அந்தச் சம்மதம் கட்டாயமில்லை. அதாவது, சட்டப்படி பார்த்தால் தும்பாவுக்கு இன்றைக்கும் 'ஆமென்' தேவையில்லை! அகமதாபாத்தின் பெரிய மில் முதலாளி வீட்டுப் பிள்ளை, கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கியவர், ஒரு மீனவப் பங்கின் பூசையில் போய் உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருந்தாரே, அதற்குச் சட்டம் காரணமில்லை. மனுஷத்தனம்தான் காரணம்.

சாராபாய்க்கு வரவு வைத்தாயிற்று. 2023 ஆகஸ்ட் 23-இல் நிலவில் இறங்கிய கலத்துக்கு விக்ரம் என்று அவர் பெயர்தான். கலாம் ராஷ்டிரபதி பவன் வரைக்கும் போனார். அவருக்கும் வரவு வைத்தாயிற்று. இருவரும் அதற்கு முழுக்கத் தகுதியானவர்கள். பூசையில் உட்கார்ந்திருந்த மற்றவர்களின் பெயர்கள்? ஞானஸ்நானம், கல்யாணம், மரணம் என்று மூன்று ரெஜிஸ்தர்களில் இருக்கும். நாலாவதாக ஒன்று யாரும் போடவில்லை.

ஒரு வேடிக்கை. சந்திரயான்-2 கிளம்ப வேண்டிய தேதி 2019 ஜூலை 15. கடைசி நேரத்தில் ஏதோ கோளாறு, நிறுத்திவிட்டார்கள். சரி செய்து மறுபடி அனுப்பியது ஜூலை 22. கத்தோலிக்கக் காலண்டரை எடுத்துப் பாருங்கள். ஜூலை 22, மகதலா மரியாளின் திருநாள்! தற்செயல்தான். நான் ஜோசியம் சொல்லவில்லை. ஆனாலும் வீட்டைக் காலி செய்துகொடுத்த அம்மாவிடம் பையன் ஊருக்குக் கிளம்பும்போது சொல்லிக்கொண்டு போன மாதிரி எனக்கு ஒரு நினைப்பு.

தும்பாவிலிருந்து ஆய்வு ராக்கெட்டுகள் கிளம்புவது அத்தோடு நின்றுவிடவில்லை. அங்கிருந்து போகும் ரோகிணி-200 ரகம், 2022 நவம்பரில் தொடர்ச்சியாக 200-வது முறை வெற்றிகரமாகப் பறந்தது. ஒரு தடவைகூட வழுக்கவில்லை. அடுத்து ஏதாவது ஒரு ராக்கெட் கிளம்பும்போது ஆபீஸில் எல்லோரும் மொபைலைச் சுற்றி நின்று கைதட்டுவோம். தட்டுவோம், நன்றாகவே தட்டுவோம். தட்டி முடித்ததும் காமர்ஸ் படித்த தம்பிகள் யாராவது மனசுக்குள் ஒரு குறிப்பேட்டுப் பதிவு போட்டுவிடுங்கள்:

நாடு கணக்கு — பற்று.
பள்ளித்துறைப் பங்கு கணக்கு — வரவு.
(ஒரு கோயிலும், ஒரு கடற்கரையும், கேட்டதும் பெற்றுக்கொண்ட வகையில்.)

தொகைக் கட்டத்தில் என்ன எழுதுவது என்கிறீர்களா? அதை மட்டும் காலியாக விட்டுவிடுங்கள். எந்த ஆடிட்டரும் கேட்க மாட்டார்.